கல்லறை இல்லாதவர்களுக்கு ஒரு வருகைப்பதிவு

(தென்காசியில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சியின் நிறைவு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. பயிற்சி முடிந்த கையோடு ஐந்தருவிக்குப் போய்விட்டு ஊருக்குப் பேருந்து பிடிக்கலாம் என்று சிலர் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கைக் கெடுக்க மாட்டேன். அரை மணி நேரம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் பேச வந்தது போர்க்காலத்தில் கடலில் மறைந்துபோன வணிகக் கப்பல் தொழிலாளர்களைப் பற்றி. மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று தோன்றலாம். நம் அருவித் தண்ணீர் சிற்றாறாகித் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரைபடத்தில் விரல் வைத்து இதைக் காட்டிவிடலாம். ஆனால் கடலுக்கும் நமக்கும் இதைவிட நெருங்கிய உறவு ஒன்று நம் பேச்சிலேயே இருக்கிறது.

குண்டாறு, அடவிநயினார், கருப்பாநதி, இராமநதி, கடனாநதி என்று நம் மாவட்டத்தில் அணைகள் இருக்கின்றன. அணையில் மதகைத் திறந்து மூடுகிற ஊழியரை என்னவென்று கூப்பிடுகிறோம்? ‘லஸ்கர்’ என்கிறோம். உங்கள் வகுப்பிலேயே லஸ்கர் வீட்டுப் பிள்ளை இருக்கலாம். படை என்று பொருள்படும் ‘லஷ்கர்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது இது. ஐரோப்பியக் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்குப் பல நூற்றாண்டுகளாக இதுதான் பெயர். ரயில்வேயில் ‘கலாசி’ என்ற பணி உண்டு. அதுவும் கப்பலிலிருந்து இறங்கி வந்த சொல்தான். மாலுமிக் கூட்டத்தின் தலைவருக்குச் ‘சாரங்கு’ என்று பெயர். தூத்துக்குடித் தோணியை நடத்துகிறவர் ‘தண்டல்’. சொற்கள் கரையேறி நம் வீட்டுக்குள் வந்துவிட்டன. அந்தச் சொற்களைச் சுமந்த மனிதர்களைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

பாடப்புத்தகத்திலிருந்தே தொடங்குவோம். வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார் என்று நடத்துகிறோம். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களின் பெயரையும் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அடுத்த முறை அந்தப் பாடம் நடத்தும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘அவை நீராவிக் கப்பல்கள். நீராவி வேண்டுமென்றால் கொதிகலன் எரிய வேண்டும். அந்த நெருப்புக்கு நிலக்கரி அள்ளிப் போட்டது யார்?’ வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அந்த அமைதியிலிருந்து இன்றைய பாடம் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குச் சற்று முன்பு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறத்தாழ 50,000 இந்தியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அந்தக் கப்பல்களின் மொத்தத் தொழிலாளர்களில் இது நாலில் ஒரு பங்கு. கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆள் எடுத்தார்கள். சில்ஹெட், சிட்டகாங், கோவா, கொங்கணக் கரை என்று பல ஊர்க்காரர்கள். மேல்தளத்தில் கயிறு இழுத்தவர்கள் உண்டு. சமையல் செய்த பண்டாரிகள் உண்டு. பயணிகளுக்குப் பரிமாறியவர்கள் உண்டு. ஆனால் பெரும் பகுதியினருக்கு வேலை கப்பலின் அடிவயிற்றில். கொதிகலனுக்கு முன்னால் நின்று நிலக்கரி தள்ளுகிறவருக்கு ஃபயர்மேன் என்று பெயர். அவருக்கு நிலக்கரி கொண்டுவந்து சேர்க்கிறவர் டிரிம்மர். அதே கப்பலில் வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கிடைத்த சம்பளத்தில் இவர்களுக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் நாலில் ஒரு பங்கு.

1939இல் போர் மூண்டதும், பிரிட்டன் துறைமுகங்களில் நின்ற கப்பல்களில் இருந்த இந்தியத் தொழிலாளர்கள் பலர், சம்பளத்தை உயர்த்தாமல் இந்த ஆபத்தில் கடலேற மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகே சம்பளம் உயர்ந்தது. விதியே என்று தலைகுனிந்து போனவர்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆபத்து தெரிந்திருந்தது. தங்கள் உழைப்பின் மதிப்பும் தெரிந்திருந்தது. போராடினார்கள். பிறகு கப்பலேறினார்கள்.

நீர்மூழ்கிக் கப்பல் விடும் டார்பிடோ நீர்மட்டத்துக்குக் கீழே வந்து மோதும். கொதிகலன் அறையும் என்ஜின் அறையும் இருப்பது அங்கேதான். மேல்தளத்தில் இருப்பவருக்குப் படகை நோக்கி ஓடச் சில நிமிடங்களாவது கிடைக்கும். கீழே இருப்பவர் செங்குத்தான இரும்பு ஏணியில் இருட்டில் ஏறி வர வேண்டும். அறிவியல் ஆசிரியர்கள் ஒரு கப்பலின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தாலே போதும், யார் முதலில் இறந்திருப்பார்கள் என்று பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

இனி ஒரு கப்பலின் கதை. தென்காசியில் நின்று இந்தக் கதையைச் சொல்வதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. அந்தக் கப்பலின் பெயர் ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’, அதாவது காசி நகரம். 1936இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஓடிய கப்பல்.

1940 செப்டம்பரில் இலண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. பிள்ளைகளையாவது காப்பாற்றுவோம் என்று பிரிட்டிஷ் அரசு அவர்களைக் கடல் கடந்து அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்தியது. அந்தத் திட்டத்தில் கனடாவுக்குப் புறப்பட்ட 90 பிள்ளைகள் இந்தக் கப்பலில் ஏறினார்கள். செப்டம்பர் 13 அன்று லிவர்பூலிலிருந்து கப்பல் கிளம்பியது. 17ஆம் தேதி இரவு, நடு அட்லாண்டிக்கில், ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலான யு-48 எய்த டார்பிடோ அதைத் தாக்கியது. பிள்ளைகள் படுத்துத் தூங்கும் நேரம். காற்றும் மழையும் குளிரும் சேர்ந்துகொண்டன. படகுகளில் ஏறியவர்களிலும் பலர் விடிவதற்குள் குளிரில் விறைத்து இறந்தார்கள்.

கப்பலில் இருந்தவர்கள் சுமார் 400 பேர். இறந்தவர்கள் 250க்கும் மேல். 90 பிள்ளைகளில் 77 பேர் திரும்பவில்லை. அந்தத் திட்டமே அத்தோடு நின்றுபோனது.

ஒரு படகு மட்டும் மற்றவற்றிலிருந்து பிரிந்துபோய்விட்டது. அது 12ஆம் எண் படகு. மறுநாள் வந்த மீட்புக் கப்பலின் கண்ணில் அது படவில்லை. எட்டு நாள் அந்தத் திறந்த படகு கடலில் மிதந்தது. அதில் 46 பேர். அவர்களில் ஆறு சிறுவர்கள். பிள்ளைகளுக்குத் துணையாக வந்த ஓர் ஆசிரியை. மேரி கார்னிஷ் என்பது அவர் பெயர். இசை ஆசிரியை. பிள்ளைகளின் கை கால்கள் மரத்துப் போகாமல் தேய்த்துவிட்டார். மனம் தளராமல் இருக்க நாள்தோறும் கதை சொன்னார். ஒரு துப்பறியும் கதையைத் தொடர்கதையாக்கி, ஒவ்வொரு நாளும் ஆவலைத் தூண்டும் இடத்தில் நிறுத்துவாராம். அடுத்த பகுதியைக் கேட்பதற்காகவாவது நாளை இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். வகுப்பை ஒரு கதையால் பிடித்து வைக்கத் தெரிந்த நமக்கெல்லாம் அந்த அம்மாவை நன்றாகப் புரியும். செப்டம்பர் 25 அன்று ஒரு ரோந்து விமானம் படகைப் பார்த்தது. போர்க்கப்பல் ஒன்று வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டது.

இதுவரை நான் சொன்னது பலமுறை எழுதப்பட்ட கதை. இப்போது எண்ணிக்கையைத் திரும்பப் பாருங்கள். படகில் 46 பேர். சிறுவர்கள் ஆறு பேர், ஆசிரியை ஒருவர். மீதியில் ஒருசில பயணிகளும் பிரிட்டிஷ் பணியாளர்களும் போக, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் யார்? அவர்கள் எல்லாரும் இந்திய மாலுமிகள். அந்தப் படகே பெரும்பாலும் இந்தியர்கள் நிறைந்த படகு. அதே எட்டு நாள், அதே பிஸ்கட் துண்டு, அதே ஒரு வாய்த் தண்ணீர். கப்பலோடு இறந்தவர்களிலும் சுமார் 100 பேர் இந்திய மாலுமிகள். ஆனாலும் கதை சொன்னவர்கள் நீண்ட காலத்துக்கு அவர்களை ‘லஸ்கர்கள்’ என்ற ஒரே சொல்லில் கடந்து போனார்கள். சிறுவர்களுக்குப் பெயர் உண்டு, வயது உண்டு, ஊர் உண்டு. இவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்.

ஆசிரியை மேரி கார்னிஷின் தொண்டைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஒரு பெயரைச் சொல்ல இன்னொரு பெயரை அழிக்க வேண்டியதில்லை. படகில் இருந்த எல்லாரையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

கடலில் இறந்தவருக்குக் கல்லறை கிடையாது. பால் தெளிக்கவோ பூப் போடவோ ஓர் இடம் கிடையாது. உடலும் இல்லாமல் இடமும் இல்லாமல் போனவருக்கு மிஞ்சுவது பெயர் ஒன்றுதான். அதனால் அந்தப் பெயரை எங்கே, எப்படி எழுதி வைக்கிறோம் என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது.

இலண்டனில் டவர் ஹில் என்ற இடத்தில், இரண்டு உலகப் போர்களிலும் கடலில் மறைந்த வணிகக் கப்பல் தொழிலாளர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. முதல் போரில் மறைந்தவர்கள் சுமார் 12,000 பேர், இரண்டாம் போரில் சுமார் 24,000 பேர். வெண்கலப் பலகைகளில் கப்பல்வாரியாகப் பெயர்கள். வழியில் போகிற யாரும் நின்று வாசிக்கலாம், விரலால் தடவலாம்.

நம்மவர்களுக்கு? கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டி லஸ்கர் போர் நினைவுச்சின்னம் 1924இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த 896 மாலுமிகளுக்கானது என்று அதன் கல்வெட்டு சொல்கிறது. மும்பையில் மஸ்ஜித் பந்தர் பகுதியில் உள்ள இந்திய மாலுமிகள் இல்லத்தில், முதல் போரில் கடலில் மறைந்த 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நினைவிடம் உண்டு. இரண்டாம் போரில் மறைந்தவர்களின் பெயர்களை ஒரு நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 6,500 பெயர்கள். அவற்றில் 6,000க்கும் மேற்பட்டவர்கள் வணிகக் கப்பல் தொழிலாளர்கள். அந்த நூலுக்கு இரண்டு படிகள். ஒன்று மும்பையில், இன்னொன்று இப்போது வங்கதேசத்தில் இருக்கும் சிட்டகாங்கில். நாடு இரண்டாகி, பிறகு மூன்றாகிவிட்டது. மாலுமிகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் இன்னும் பிரிக்கப்படாமல் ஒரே பட்டியலாக இருக்கிறது.

ஒரே கப்பல், ஒரே இரவு, ஒரே தண்ணீர். ஆனால் பிரிட்டிஷ் தொழிலாளியின் பெயர் வீதியோர வெண்கலத்தில், இந்தியத் தொழிலாளியின் பெயர் ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் புத்தகத்தில். இந்த வேறுபாடு கடலோடு நின்றுவிடவில்லை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் தன் பழைய பணியைத் தானே ஆராய்ந்து 2021 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. முதல் உலகப் போரில் இறந்த இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேருக்குச் சமமான மரியாதை தரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ அல்லது எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டுக்குப் பிறகும் பதிவேட்டைத் திருத்த முடியும் என்பதற்கு இது சான்று.

நம் கரைக்கு வருவோம். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலும் அடிபட்டது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். தாக்கிய கப்பலின் பெயர் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அன்று இறந்தவர்களின் பெயர் நம்மில் யாருக்குத் தெரியும்? 1942 ஏப்ரல் தொடக்கத்தில் ஜப்பானியக் கடற்படை நம் வங்கக் கடலில் சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையிலிருந்து மக்கள் உள்ளூர்களுக்கு ஓடினார்கள். பட்டணம் காலியான கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். கடலில் போனவர்கள் அந்தக் கதையில் வருவதில்லை.

உடல் கிடைக்காத சாவு வீட்டில் என்ன செய்யும் என்பதை நாம் தொலைவில் தேட வேண்டாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களில் எத்தனை வீடுகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தன! அழவும் முடியாது, அழாமல் இருக்கவும் முடியாது. சட்டப்படி ஒருவர் ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கருத முடியும். அந்தக் குடும்பங்களுக்காக அரசு அவ்வளவு காலம் காத்திருக்கச் சொல்லாமல் சான்றிதழ் வழங்க முன்வந்தது. ஒரு காகிதத்தில் ஒரு பெயர் எழுதப்படுவது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரிந்தது. 1940இல் சில்ஹெட்டில் ஒரு கிராமத்து வீட்டிலும் இதே நிலைதான். கடிதம் வராத மாதங்கள்தான் செய்தி.

சரி, வகுப்பறையில் என்ன செய்யலாம்? பாடத்திட்டத்துக்கு மேல் சுமை ஏற்றாமல் சில வழிகள் சொல்கிறேன்.

தொடக்க வகுப்புகளில் சொல்லிலிருந்து தொடங்குங்கள். லஸ்கர், கலாசி, சாரங்கு, தண்டல். வீட்டில் பெரியவர்களிடம் இந்தச் சொற்களைக் கேட்டு வரச் சொல்லுங்கள். என்ன பதில் வருகிறதோ அதையே கரும்பலகையில் எழுதுங்கள்.

ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளில் 12ஆம் எண் படகின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும், ‘படகில் யார் யார் இருந்தார்கள்?’ என்று எண்ணச் சொல்லுங்கள். ‘டீச்சர், அவங்க பேரு என்ன?’ என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும். பாடம் நடந்துவிட்டது.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஆவணம் வாசிக்கப் பழக்கலாம். நான் சொன்ன காமன்வெல்த் ஆணையத்தின் பதிவேடு இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கக்கூடியது. உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலின் பெயரைக் கொடுத்துத் தேடச் செய்யுங்கள். ஒரு பதிவில் பெயர், பணி, கப்பல், தேதி இருக்கும். சிலவற்றில் தந்தை பெயரும் ஊரும் இருக்கும். சிலவற்றில் ஒற்றைப் பெயர் மட்டும் இருக்கும். ஒரு மாணவருக்கு ஒரு பதிவு. நோட்டில் இரண்டு கட்டம் போடட்டும். ஒன்றில் ‘இவரைப் பற்றித் தெரிவது’, மற்றதில் ‘தெரியாதது’. இரண்டாவது கட்டத்தைக் கற்பனையால் நிரப்ப விடாதீர்கள். அந்த வெற்றிடத்தைப் பார்ப்பதே வரலாற்றுப் பயிற்சி. ‘ஏன் இவருக்கு ஒற்றைப் பெயர்? யார் எழுதினார்கள்? யார் கேட்கவில்லை?’ என்று பேச்சு தானே நீளும்.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 90இல் 77 எத்தனை விழுக்காடு என்று கேட்கலாம். ஆனால் விடை வந்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடாதீர்கள். ஒரு நிமிடம் நில்லுங்கள்.

இது முடிந்துபோன காலத்தின் கதையும் இல்லை. இன்றும் உலகின் சரக்குக் கப்பல்களில் இந்தியர்கள் ஏராளமாக வேலை செய்கிறார்கள். செங்கடலில் 2023 இறுதியிலிருந்து வணிகக் கப்பல்கள் ஏவுகணைக்கும் டிரோனுக்கும் இலக்கானபோது அவற்றிலும் இந்திய மாலுமிகள் இருந்தார்கள். ஆயுதம் ஏந்தாமல் போருக்கு நடுவே போய் வருகிற தொழில் இது. நம் பள்ளியில் படித்த பிள்ளையும் நாளைக்கு அந்தக் கப்பலில் ஏறலாம்.

ஜூன் 25 உலகக் கடலோடிகள் தினம். பள்ளி திறந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். அன்றைய காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு பெயரை வாசியுங்கள். அவர் செய்த வேலை, கப்பலின் பெயர், மறைந்த நாள். பெயரைச் சரியாக உச்சரிக்க முதல் நாளே ஒரு மாணவர் பழகிக்கொள்ளட்டும். இரண்டு நிமிடம் போதும்.

வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராக அழைப்பதில்தான் நம் நாள் தொடங்குகிறது. நாற்பது பேர் இருந்தாலும் ‘நாற்பது’ என்று எழுதி முடித்துவிடுவதில்லை. வராத பிள்ளையின் பெயரையும் அழைக்கிறோம். பதில் வராவிட்டால், ‘ஏன் வரலை, யாருக்காவது தெரியுமா?’ என்று வகுப்பைக் கேட்கிறோம். இந்தப் பழக்கம் நம் கையில் இருக்கிறது. கடலில் நின்றுபோனவர்களுக்கும் அதையே செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.